சிறு படகின் மோட்டரைக் கை ரிமோட்டால் திருப்பலாமா?

தம்பி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது 14 அடி அலுமினியப் படகு. பின்னால் 9.9 குதிரைவலு எஞ்சின், கைப்பிடியால் திருப்புவது. கனடாவின் சிம்கோ ஏரிக்குப் பெரும்பாலும் தனியாகத்தான் போகிறீர்கள். மெதுவாக ஓடிக்கொண்டு தூண்டில் இழுக்கும்போது மீன் கொத்தினால், ஒரு கை கைப்பிடியிலும் ஒரு கை தடியிலுமாக இழுபறிப்படுகிறீர்கள். கைக்குள் அடங்கும் ரிமோட் ஒன்றால் எஞ்சினைத் திருப்ப முடியுமா, இணையத்தில் மலிவாக விற்கும் அக்சுவேட்டர் கிட்டை வாங்கிப் பூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் தனியாகப் போகும் ஒருவர் பெற்றோல் எஞ்சினில் அதைப் பூட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்த்து, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஜிபிஎஸ் உள்ள மின்மோட்டர் ஒன்றைப் பூட்டுங்கள். அதன் ரிமோட்டால் படகைத் திருப்புங்கள். பெற்றோல் எஞ்சின் போய்வரும் ஓட்டத்துக்கு மட்டும் இருக்கட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கிட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது 12 வோல்ட் நேர்கோட்டு அக்சுவேட்டர் ஒன்று, அதாவது மோட்டர் சுற்ற நீண்டு சுருங்கும் ஒரு தண்டு. கூடவே இரண்டு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள ஒரு பெட்டி, சாவிக்கொத்தில் தொங்கவிடும் அளவில் ஒரு ரிமோட். தண்டின் ஒரு முனையைப் படகின் பின்பலகையிலும் மறுமுனையை எஞ்சினின் கைப்பிடியிலும் பூட்டச் சொல்வார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் திரும்பும் அச்சிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளிப் பூட்டினால், இடது 35 பாகையிலிருந்து வலது 35 பாகை வரை திருப்பத் தண்டு ஏறக்குறைய 23 சென்ரிமீற்றர் நகர வேண்டும். பலமான அக்சுவேட்டர்கள் பல விநாடிக்கு 10 மில்லிமீற்றர்தான் நகரும். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திரும்ப 23 விநாடி! பக்கத்தில் இன்னொரு படகு வந்தால் அந்த 23 விநாடி உங்களுக்குக் கிடைக்காது.

சரி, கையால் திருப்பிவிடலாம் என்று நினைப்பீர்கள். திருப்ப முடியாது. உள்ளே இருப்பது திருகு மரை. மோட்டர் சுற்றினால் தண்டு நகரும், ஆனால் தண்டைத் தள்ளி மோட்டரைச் சுற்ற வைக்க முடியாது. பற்றரி இறங்கினாலோ ரிலே பழுதானாலோ எஞ்சின் அந்த நேரம் எந்தக் கோணத்தில் நின்றதோ அதிலேயே பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரே இழுப்பில் கழற்றக்கூடிய ஊசி ஒன்று இணைப்பில் இருக்க வேண்டும். மலிவான கிட்டுகளில் வருவது போல்ட்டும் நட்டும்.

இன்னொரு சங்கடம், எஞ்சின் மேலே உதைத்து எழும்பும் இயல்பு. ஆழம் குறைந்த இடத்தில் கல்லில் அடித்தால் எஞ்சின் தானாகச் சரிந்து மேலே வரும்படிதான் செய்திருக்கிறார்கள். பின்பலகைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இரும்புத் தண்டு ஒன்றை விறைப்பாகப் பூட்டிவிட்டால் அது எழும்ப முடியாது. ஒன்று தண்டு வளையும், அல்லது பின்பலகையில் போட்ட துளை கிழியும், அல்லது கைப்பிடி உடையும். இதற்கென்றே ஒழுங்காகச் செய்யப்பட்ட கருவிகளில் திருப்பும் பகுதி எஞ்சின் சரியும்போது அதோடு சேர்ந்தே சரியும்.

ரிமோட்டின் பக்கமும் அப்படித்தான். கேட்டைத் திறக்கவும் விளக்கைப் போடவும் விற்கும் அதே ரிலே பெட்டிதான் இதிலும் இருக்கிறது. இவற்றை மூன்று விதமாக அமைக்கலாம்: அழுத்தியிருக்கும் வரை மட்டும் ஓடுவது, ஒருமுறை அழுத்தினால் ஓடி மறுமுறை அழுத்தினால் நிற்பது, ஒரு பொத்தான் ஓடவைத்து இன்னொரு பொத்தான் நிறுத்துவது. படகைத் திருப்ப முதலாவது மட்டும்தான் உதவும். பல பெட்டிகள் வேறு அமைப்பில் வருகின்றன. கையேடும் விளங்காத மொழிநடையில் இருக்கும். போதாததற்கு, ரிலேயின் தொடுமுனைகள் தீப்பொறியில் ஒட்டிக்கொள்ளக் கூடியவை. ஒட்டிவிட்டால் விரலை எடுத்த பிறகும் தண்டு கோடி வரை போய்க்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் திருத்திவிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் வேலை தெரிந்தவர்கள் திருத்தியும் இருக்கிறார்கள். அப்போதும் ஒரு பெரிய குறை மிஞ்சும். அந்த ரிமோட் திருப்பும், ஆனால் நிறுத்தாது. கியரும் த்ரொட்டிலும் எஞ்சினின் கைப்பிடியிலேயே இருக்கின்றன. நீங்கள் முன் பலகையில் உட்கார்ந்து ரிமோட்டால் இடம் வலம் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். எஞ்சினை நியூட்ரலில் போட வேண்டுமானால் மூன்று மீற்றர் பின்னுக்கு ஓட வேண்டும். எஞ்சினோடு வந்த கில் ஸ்விட்ச் கயிறும் எட்டாது. ஓட்டுபவர் விழுந்தால் இழுபட்டு எஞ்சினை நிறுத்தும் கயிறு அது. அது பக்கத்தில் இருந்து ஓட்டுபவருக்கு அளந்து செய்த சுருள் கயிறு. முன்னால் போக வேண்டுமென்றால் அதை இடுப்பிலிருந்து கழற்றிவிட்டுத்தான் போகலாம். ரிமோட் தரும் வசதியே எஞ்சினை நிறுத்தும் ஒரே பாதுகாப்பை உங்கள் உடம்பிலிருந்து கழற்ற வைக்கிறது. நான் மறுப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

பெற்றோல் எஞ்சினை ரிமோட்டால் திருப்புவதே பிழை என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது. ஒன்ராறியோ ஏரியில் சால்மன் மீனும் ஈரி ஏரியில் வால்ஐ மீனும் பிடிக்கும் 20 அடிக்கு மேற்பட்ட படகுகளைப் பாருங்கள். பெரிய எஞ்சினுக்குப் பக்கத்தில் 9.9 குதிரைவலுவில் சின்ன எஞ்சின் ஒன்று பூட்டியிருக்கும். மேர்க்கரி ‘புரோகிக்கர்’, யமஹாவின் ‘ஹை த்ரஸ்ட்’ 9.9 எல்லாம் இந்த வேலைக்கென்றே வந்தவை. மணிக்கணக்காக மெதுவாக ஓட வேண்டும், ஓட்டுபவரோ தடிகளுக்கு நடுவில் நடமாடிக்கொண்டிருப்பார். அங்கே ‘பாந்தர்’ நிறுவனத்தின் மின் திருப்பி, ‘கார்மின்’ நிறுவனத்தின் ‘டிஆர்-1’ ஓட்டோபைலட் போன்றவை பொருந்தும். டிஆர்-1 எண்ணெய் அழுத்தத்தால் திருப்புவது, திசையைத் தானே பிடித்துக்கொள்ளும், கையடக்க ரிமோட்டும் உண்டு. வேகத்துக்கு ‘ட்ரோல்மாஸ்டர்’ போன்ற மின் த்ரொட்டில் தனியாக வரும். ஆனால் அந்தப் படகுகளில் உயர்ந்த பக்கச்சுவர் இருக்கும், குறைந்தது இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்த இன்னொருவர் இருக்கிறார். உங்கள் 14 அடிப் படகில் உங்களைத் தவிர யாரும் இல்லை.

அந்த உயிர் விஷயத்துக்கு வருகிறேன். ரிமோட் வாங்க நினைக்கும் பலர், “கழுத்தில் ரிமோட் தொங்குகிறது, விழுந்தாலும் ஒரு பொத்தானை அழுத்திப் படகை நிறுத்திவிடலாம்” என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். இக்காலத்துப் படகு மோட்டர் ரிமோட்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன, புளூடூத்தும் அதுவே. இந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். சில சென்ரிமீற்றர் தண்ணீருக்குக் கீழே போனாலே சைகை படகை எட்டாது. தண்ணீரில் கிடக்கும் ஒருவரின் கழுத்து ரிமோட் இருப்பது மார்பளவில், அதாவது தண்ணீருக்குள். கையை வெளியே தூக்கிப் பிடித்து அழுத்தினால் எட்டக்கூடும், ஆனால் குளிர்ந்த தண்ணீரில் அதற்கு நிதானம் வேண்டும்.

ஒரு கருவியை எடைபோடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: ரிமோட்டின் சைகை நின்றுபோனால் மோட்டர் என்ன செய்யும்? திருப்பும் ரிமோட் கட்டளை வந்தால்தான் எதையும் செய்யும், நிறுத்துவதும் உட்பட. கம்பியில்லாக் கில் ஸ்விட்ச் இதற்கு நேரெதிர். சைகை வந்துகொண்டிருக்கும் வரைதான் எஞ்சினை ஓட விடும். சைகை அற்றவுடன் எஞ்சினை வெட்டிவிடும். நோர்வேயின் ‘ஃபெல் மரைன்’ செய்யும் ‘எம்ஓபி பிளஸ்’ இந்த வகை. உடம்பில் கட்டியிருக்கும் சின்ன வில்லை தண்ணீருக்குள் போன உடனே சைகை அறும், எஞ்சின் நிற்கும். திருப்பும் ரிமோட்டைச் செயலிழக்கச் செய்யும் அதே தண்ணீர் இங்கே காவலாக வேலை செய்கிறது. உங்கள் 9.9 எஞ்சினுக்கு ஏதாவது வாங்க வேண்டுமென்றால் முதலில் இதை வாங்குங்கள். ஓட்டத்தின்போது படகுக்குள் எழும்பி நடமாடவும் இது விடும்.

தண்ணீர் எவ்வளவு குளிர் என்பதும் கணக்கில் வர வேண்டும். சிம்கோவில் மே மாதத் தொடக்கத்தில் தண்ணீர் 10 பாகை செல்சியஸை எட்டாமல் இருப்பது வழக்கம். மனிட்டோபாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1-10-1 என்று அவர் கற்பிக்கும் கணக்கு இந்த நாட்டில் படகு விடும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். படகு மணிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் விழுந்தால் ஒரு நிமிடத்தில் அது 50 மீற்றர் போய்விடும். முதல் நிமிடம் முழுவதும் உங்களுக்கு மூச்சுத்தான் பெரிய பாடாக இருக்கும். கைப்பிடியை விட்ட எஞ்சின் பெரும்பாலும் ஒரு பக்கம் இழுத்து வட்டமடிக்கும். அதுவும் ஆபத்துத்தான், ஆனால் படகு அங்கேயே சுற்றும். ஓட்டோபைலட் பிடித்த படகோ நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும்.

அப்படியானால் அணியத்து மின்மோட்டர் மட்டும் எப்படிப் பரவாயில்லை? முதலாவது, அதன் ரிமோட் திருப்பவும் செய்யும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் செய்யும், புரொப்பெல்லரை நிறுத்தவும் செய்யும். மூன்றும் ஒரு கையில். இரண்டாவது, நீங்கள் மீனோடு மல்லுக்கட்டும் நேரத்தில், அதாவது விழ ஆகக் கூடிய வாய்ப்புள்ள நேரத்தில், அதை நின்ற இடத்திலேயே நிறுத்தி வைக்கலாம். இத்தகைய மின்மோட்டர்களைச் செய்யும் ‘மின் கோட்டா’ என்ற நிறுவனம் 2010இல் கொண்டுவந்த ‘ஸ்பொட் லொக்’ இதைத்தான் செய்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஜிபிஎஸ் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளும், காற்று தள்ளத் தள்ள மோட்டர் தானே திரும்பிப் படகை அங்கேயே பிடித்து வைக்கும். ரிமோட் தொலைந்தாலும் இந்தப் பிடி விடாது, ஏனென்றால் மூளை மோட்டரின் தலையில் இருக்கிறது. நீங்கள் விழுந்தால் படகு உங்களுக்குப் பக்கத்தில் நிற்கும். புரொப்பெல்லர் அணியத்தில் சுற்றுவதால் பின்பக்கமாக நீந்தி வந்து ஏறுங்கள். பின்பக்கத்தில் கால் வைக்க ஒரு ஏணி இருக்க வேண்டும். பக்கச்சுவர் அரை மீற்றருக்கு மேல் உயர்ந்தால்தான் சட்டம் அதைக் கேட்கிறது. உங்கள் படகு அதற்குள் அடங்கும் என்றாலும் பூட்டுங்கள். நனைந்த உடுப்போடு அரை மீற்றர் ஏறுவது லேசான காரியமில்லை.

ஆகவே பழக்கத்தில் வைக்க வேண்டியது: மீன் கொத்தியதும் முதலில் ஸ்பொட் லொக், பிறகு தடி. ஓட்டோபைலட்டில் படகை ஓடவிட்டு விளிம்பில் எழும்பி நிற்க வேண்டாம்.

அணியத்தில் பூட்டுவதால் ஓட்டமும் திருந்தும். பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின் மெதுவான ஓட்டத்தில் பக்கக்காற்றோடு போராடும். பாரமில்லாத முன்பக்கத்தைக் காற்று தள்ளிக்கொண்டு போக, நீங்கள் ஓயாமல் திருத்த வேண்டியிருக்கும். முன்னாலிருந்து இழுத்தால் படகின் மீதி உடம்பு தானாகவே பின்னால் வரும். பொத்தானை அழுத்தும் தேவையே பாதியாகக் குறையும். அணியத்து மோட்டர் எந்தப் பக்கமும் முழுச் சுற்றுத் திரும்பும் என்பதால் பக்கவாட்டிலும் இழுக்கலாம்.

இந்த மோட்டர்களின் கதை நம்முடைய ஏரிகளுக்குத் தூரத்துச் சொந்தம். 1934இல் வட டகோட்டாவின் ஃபார்கோ ஊரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் தொடங்கியதுதான் மின் கோட்டா. மினசோட்டா, டகோட்டா இரண்டின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். கம்பியில்லாமல் படகைத் திருப்புவது அதைவிடப் பழையது. 1898இல் நிக்கோலா டெஸ்லா நியூயோர்க்கில் ஒரு தொட்டிக்குள் சின்னப் படகை வானொலி அலையால் திருப்பிக் காட்டிக் காப்புரிமையும் பெற்றார்.

இனி ரிமோட்டைப் பாவிக்கும் விதம். மின் கோட்டாவின் ‘ஐ-பைலட்’ என்ற ஜிபிஎஸ் அமைப்போடு வரும் ரிமோட்டில் இடது, வலது அம்புக்குறிகள் உண்டு. அவை திருப்புவது மோட்டரின் தலையை. தொட்டு எடுத்தால் கொஞ்சம் திரும்பும், அழுத்திப் பிடித்தால் திரும்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் பின்பக்கம் பார்த்துக்கொண்டு மீனை இழுக்கும்போது உங்கள் இடது படகின் வலது ஆகிவிடும். ஆரம்பத்தில் எல்லோரும் குழம்புவது இங்கேதான். மோட்டர் தலையில் உள்ள அம்புக்குறியை ஒரு முறை பார்த்துவிட்டு அழுத்துங்கள், சில நாளில் விரலுக்குப் பழகிவிடும். கார்மின் 2019இல் கொண்டுவந்த ‘ஃபோர்ஸ்’ மோட்டரின் ரிமோட் இந்தக் குழப்பத்தை வேறு விதமாகத் தீர்க்கிறது. போக வேண்டிய பக்கம் ரிமோட்டை நீட்டிக் காட்டினால் மோட்டர் அந்தப் பக்கம் திரும்பும். அதற்கு ரிமோட்டுக்குள்ளேயே திசைகாட்டி இருக்கிறது. அதைச் சொன்னபடி சுழற்றி அளவு சரிபார்த்த பிறகுதான் பாவிக்க வேண்டும். காந்தம் வைத்த குறடு, காந்த மூடியுள்ள கைபேசி உறை ஆகியவற்றோடு ஒரே பையில் போட்டால் அது தடுமாறும். ஆனால் ஃபோர்ஸ் 24 அல்லது 36 வோல்ட்டில் ஓடுவது. இரண்டு மூன்று பற்றரி உங்கள் படகுக்குப் பாரம். ஆகவே உங்களுக்கு நான் சொல்வது 12 வோல்ட் ஐ-பைலட் வகைதான்.

திசை உணரி என்ற ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் சில மாடல்களில் வரும். படகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மோட்டருக்குச் சொல்வது அதுதான். அலுமினியம் காந்தத்தைப் பாதிக்காது, இரும்பு நங்கூரமும் ஒலிபெருக்கியும் பாதிக்கும். அவற்றிலிருந்து தள்ளி, அம்புக்குறி அணியத்தைப் பார்க்கும்படி, படகின் நடுக்கோட்டுக்கு நேராகப் பூட்டுங்கள். இது இருந்தால் ஸ்பொட் லொக் பிடித்த இடத்தை ஐந்து ஐந்து அடியாக முன்பின் இடம்வலமாக நகர்த்தலாம். பாறைத் திட்டின் விளிம்பில் பேர்ச் பிடிப்பவர்களுக்கு அந்த ஐந்து அடி பெரிய காரியம்.

ஐ-பைலட்டின் ஓட்டோபைலட்டில் இரண்டு வகை உண்டு. பழைய வகை மோட்டரின் முகத்தை ஒரே திசையில் வைத்திருக்கும், அவ்வளவுதான். பக்கக்காற்று படகைத் தள்ளினால் முகம் வடக்கே பார்த்தபடி நீங்கள் கிழக்கே ஒதுங்கிக்கொண்டிருப்பீர்கள். மேம்பட்ட வகை ஜிபிஎஸ்ஸால் கோட்டையே பிடித்துக்கொள்ளும், அதற்காக அடிக்கடி திருத்தும், பற்றரியும் கூடுதலாகத் தின்னும். காற்றில்லாத காலை வேளைக்குப் பழைய வகை அமைதியாக ஓடும். மேற்குக் காற்று எழும்பிய பிறகு மற்றதற்கு மாறுங்கள்.

சிம்கோவின் குக்ஸ் விரிகுடாப் பக்கம் போனால் புரொப்பெல்லரில் நீர்ப்பூண்டு சுற்றும். அதைக் கையால் பிய்க்கும்போது கழுத்தில் தொங்கும் ரிமோட் முழங்காலில் பட்டு அழுந்தலாம், மோட்டர் சுற்றத் தொடங்கும். பிரேக்கரை இறக்கி மின்சாரத்தை முழுதாகத் துண்டித்த பிறகுதான் புரொப்பெல்லரில் விரல் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும். மோட்டரை மேலே தூக்கி மடக்கி வைக்கும்போதும் அப்படியே.

ரிமோட்டே வேண்டாம், கால் மிதியால் திருப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். இரண்டு கையும் விடுபடும் என்பது உண்மை, ஓரமாக நின்று தூண்டில் எறிபவர்களுக்கு அது நல்லது. ஆனால் மிதி அணியத்தில் இருக்கும், நீங்களும் அங்கேயே நிற்க வேண்டும். உட்கார்ந்து பின்னால் தூண்டில் இழுப்பவருக்கு ரிமோட்தான் வசதி.

எவ்வளவு பலம் வேண்டும்? பாரமெல்லாம் ஏற்றிய படகின் ஒவ்வொரு 100 இறாத்தலுக்கும் 2 இறாத்தல் உந்துவிசை என்பது பொதுவான கணக்கு. உங்கள் படகு, எஞ்சின், இரண்டு பேர், சாமான், பற்றரி எல்லாம் சேர்த்து 900 இறாத்தல் என்று வைத்தால் 18 போதும் என்று வரும். அது காற்றில்லாத குளத்துக்கான கணக்கு. சிம்கோ 700 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்த ஏரி, சட்டென்று அலை எழும்பும். ஸ்பொட் லொக் காற்றுக்கு எதிராகப் பிடித்து நிற்க வேண்டுமானால் 12 வோல்ட்டில் 55 இறாத்தல் எடுங்கள்.

55 இறாத்தல் மோட்டர் முழு வேகத்தில் 50 அம்பியர் வரை இழுக்கும். 100 அம்பியர்-மணி லிதியம் பற்றரி அப்படி ஓடினால் இரண்டு மணி நேரம்தான். மெதுவான தூண்டில் ஓட்டத்தில் 10 முதல் 20 அம்பியர் என்று வைத்தால் ஐந்து முதல் பத்து மணி நேரம் வரும். ஈய அமிலப் பற்றரியை வாங்கினால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, பாரமும் 27, 30 கிலோ. அதே அளவு லிதியம் 11 முதல் 13 கிலோ. இவ்வளவு சின்னப் படகில் அந்த வித்தியாசம் காலடியில் தெரியும். லிதியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, குளிர்காலத்தில் கராஜில் விட்டுச் சார்ஜரில் போட்டுவிடாதீர்கள்.

வயரில் மிச்சம் பிடிப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பற்றரி பின்னால், மோட்டர் முன்னால் என்றால் போகவும் வரவும் 8 மீற்றர் வயர். 6 கேஜ் வயரில் 50 அம்பியர் ஓடும்போது அரை வோல்ட் விழும். அதைவிட மெல்லிய 10 கேஜ் போட்டால் 1.3 வோல்ட் விழும். பற்றரி கொஞ்சம் இறங்கிய நேரத்தில் மிஞ்சும் வோல்ட் மோட்டரின் மூளைக்குப் போதாமல் போய், காற்று கடுமையாக இருக்கும்போதுதான் ஸ்பொட் லொக் அறுந்துவிடும். “ரிமோட் சரியில்லை” என்று வரும் முறைப்பாடுகளில் பல உண்மையில் மெல்லிய வயரின் வேலை. 6 கேஜ் போட்டு, பற்றரிக்குப் பக்கத்தில் 60 அம்பியர் பிரேக்கர் ஒன்று வையுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் பற்றரியை இதற்குப் பாவிக்க வேண்டாம்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. கனடாவில் மின்மோட்டர் மட்டும் பூட்டிய படகானாலும் ஓட்டுபவருக்குப் படகோட்டி அட்டை வேண்டும். உங்கள் அளவுப் படகுக்கு 10 குதிரைவலுவிலிருந்துதான் உரிமம் கேட்கிறார்கள், 9.9 அதற்குக் கீழே. ஸ்பொட் லொக் இருக்கிறது என்று நங்கூரத்தை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். 6 மீற்றருக்கு உட்பட்ட படகில் துடுப்பு அல்லது 15 மீற்றர் கயிற்றோடு நங்கூரம் இருக்க வேண்டும், நான் இரண்டையும் வைக்கச் சொல்வேன். உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். தனியாகப் போகும் நீங்கள் அதைப் போட்டுக்கொண்டே இருங்கள். எல்லை தாண்டி அமெரிக்கப் பக்கம் போனால், 26 அடிக்குக் குறைந்த, 3 குதிரைவலு அல்லது அதற்கு மேற்பட்ட படகுகளில் வேகமாக ஓடும்போது கில் ஸ்விட்சைக் கட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம் இருக்கிறது. 115 இறாத்தல் உந்துவிசைக்குக் குறைந்த மின்மோட்டர் மட்டும் பூட்டிய படகு அதில் வராது.

வாங்கிப் பூட்டிய பிறகு, ஆழமில்லாத கரையோரத்தில், இன்னொருவர் கூட இருக்கும்போது இவற்றைச் செய்து பாருங்கள். மோட்டர் மெதுவாக ஓடும்போது ரிமோட்டின் பற்றரியைக் கழற்றுங்கள், மோட்டர் நிற்கிறதா ஓடுகிறதா என்று பாருங்கள். ரிமோட்டை முதுகுப் பக்கம் தொங்கவிட்டுப் படகின் பின்கோடியிலிருந்து அழுத்துங்கள், உடம்பு சைகையை மறைக்கிறதா என்று தெரியும். கையுறையோடு நிறுத்தும் பொத்தானைப் பார்க்காமல் தடவி அழுத்திப் பழகுங்கள். ரிமோட்டே இல்லாமல் மோட்டரின் தலையிலோ மிதியிலோ உள்ள பொத்தானால் நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது ரிமோட் ஒன்றைப் பதிவு செய்து பெட்டிக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

கடைக்குப் போக முன் ஒரு அளவு எடுக்க வேண்டும். படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அணியத்தில் மோட்டர் பூட்டும் இடத்திலிருந்து தண்ணீர் மட்டம் வரை எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். புரொப்பெல்லர் தண்ணீருக்குக் கீழே குறைந்தது 12 அங்குலம் இருக்க வேண்டும், அலையில் அணியம் தூக்குவதற்கும் சேர்த்துத் தண்டின் நீளத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் வகைப் படகுக்கு 48 அல்லது 54 அங்குலத் தண்டு வரும் என்று நினைக்கிறேன். அந்த அளவையும் முன்பலகையின் அகலத்தையும் எழுதுங்கள், எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.